ஆறு மணிக்கு மூடும் கோடு

நேல் ரோட்கான்ஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. டென் ஹெல்டரில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கப்பல் வந்தால் பொத்தானை அமுக்கிவிட்டு, பாலம் எழும்பி இறங்கும்வரை இரண்டு பக்கமும் நிற்கிற கார்க்காரர்களின் முறைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதனால் அவளுக்குப் பொறுமை அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு. உண்மையில் பொறுமையெல்லாம் கிடையாது. வெளியே காட்டாமல் இருக்கத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வேலையில் இருப்பவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் மனப்பாடம். எந்த மணியில் நீரோட்டம் வடக்கே இழுக்கும், எப்போது திரும்பித் தெற்கே தள்ளும், கரையோரம் அதற்கு எவ்வளவு வேகம், ஆழத்தில் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நேல் சொல்வாள். கேட்கத்தான் ஆள் இல்லை. முக்கியமாக, கேட்க வேண்டிய ஆள் கேட்க மாட்டான். அவன் அவளுடைய தம்பி சீம்.

சீம் வீடுகளுக்கு ஓடு போடுகிறவன். அவளைவிட ஏழு வயது இளையவன். நல்லவன்தான். யாருடைய கூரை ஒழுகினாலும் ஞாயிற்றுக்கிழமைகூட ஏணியோடு போய் நிற்பான். ஆனால் கூரைமேல் தனியாகவே வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, பக்கத்தில் ஒருத்தர் பேசுவது அவன் காதில் ஏறாது. பந்தயப் படகு அவனுடையது. அந்த வகைப் படகின் பெயர் என்னவோ நம்முடைய கட்டுமரத்திலிருந்து வந்ததுதான். பார்த்தால் கத்தி மாதிரி ஒடுங்கிய இரண்டு ஓடங்கள், இரண்டையும் சேர்த்துக் கட்டிய குறுக்குச் சட்டம், நடுவில் வலைவிரிப்பு, மேலே வீட்டு உயரத்துக்கு ஒரு பாய்மரம். இரண்டு பேர் போகலாம். ஒருவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர் பாய்க்கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருப்பார். காற்று கூடினால் இருவரும் பாய்மரத்திலிருந்து வருகிற கம்பியில் இடுப்பைக் கொளுவிக்கொண்டு, ஓடத்தின் விளிம்பில் காலை ஊன்றி, வெளியே கடல்மேல் சாய்ந்து நிற்க வேண்டும்.

சுக்கான் எப்போதும் சீம் கையில்தான். அப்பா காலத்திலேயே அது முடிவாகிவிட்டது. நேலுக்குப் பதினாறு, சீமுக்கு ஒன்பது. அப்பா சின்னவனைப் பின்னால் உட்காரவைத்து, “நேலுக்குக் கையில நல்ல பலம், கயிறு அவகிட்டயே இருக்கட்டும்” என்றார். பாராட்டு என்று நினைத்து அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். அந்த ஒரு வாக்கியம் முப்பத்தேழு வருடம் ஓடிவிட்டது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஸ்கேவனிங்கன் கடற்கரையிலிருந்து காலண்ட்சோக் வரை ஒரு நீண்ட பந்தயம் நடக்கும். கரையை ஒட்டி வடக்கே தொண்ணூறு கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். மாலை ஆறு மணிக்கு முடிவுக்கோடு மூடப்படும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கரைக்கு வரலாம், சூப் குடிக்கலாம், பட்டியலில் வர முடியாது. நேலும் சீமும் ஆறு தடவை போனார்கள். ஆறு தடவையும் முடிக்கவில்லை. ஒருமுறை மூடுபனி வந்து பந்தயத்தையே நிறுத்தினார்கள். ஒருமுறை பாய்மரம் ஒடிந்தது. ஒருமுறை நேலின் சுண்டுவிரல். மற்ற மூன்றும் சீமின் யோசனைகள்.

ஏழாவது முறை பொழுது நன்றாகத்தான் விடிந்தது. தென்மேற்குக் காற்று, அளவான அலை, பின்னாலிருந்து தள்ளுகிற நீரோட்டம். எண்பத்து நான்கு படகுகள் ஒரே நேரத்தில் கிளம்பின. சீம் புறப்படும் கோட்டில் நல்ல இடத்தைப் பிடித்திருந்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் கம்பியில் தொங்கிக்கொண்டு, முகத்தில் உப்புத் தண்ணீர் சாட்டை மாதிரி அடிக்க, இரண்டு மணி நேரத்தில் பாதித் தூரத்தைத் தாண்டினார்கள். ஸாண்ட்வோர்ட்டின் உயரமான கட்டடங்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பதினெட்டாவது இடத்திலோ இருபதாவது இடத்திலோ இருந்தார்கள். நேல் வாழ்க்கையில் அவ்வளவு முன்னால் இருந்ததில்லை.

ஐமாய்டன் துறைமுக வாயில் வந்தது. கடலுக்குள் நீளும் இரண்டு கருங்கல் கரங்கள். நடுவே பெரிய கப்பல்கள் போகிற பாதை. பந்தயக்காரர்கள் அதைக் குறுக்கே கடக்க வேண்டும். முன்னால் போன பதினேழு படகுகள் கடந்துவிட்டன. இவர்கள் வாயிலை நெருங்கும்போது காவல் படகு ஒன்று சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றது. உள்ளேயிருந்து கார் ஏற்றுகிற கப்பல் ஒன்று, ஜன்னலே இல்லாத பத்து மாடிக் கட்டடம் மாதிரி, அவசரமே இல்லாமல் வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இருபத்தைந்து நிமிடம் அங்கேயே வட்டம் அடித்தார்கள். பின்னால் விட்டு வந்த படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, அவர்களோடு சேர்ந்து வட்டமடித்தன. தினமும் அவள் மற்றவர்களை நிறுத்தி வைக்கிறவள். இன்றைக்கு அவளை நிறுத்தி வைத்தார்கள். அதை நினைத்துச் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

கொடி இறங்கியபோது காற்றும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எக்மண்ட் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பாய் அவ்வப்போது துவண்டு போய்த் தொங்க ஆரம்பித்தது. மணி ஒன்றேகால். இன்னும் சிறிது நேரத்தில் நீரோட்டம் திரும்பித் தெற்கே தள்ளும் என்று நேலுக்குத் தெரியும். காற்று இல்லாத நேரத்தில் நீரோட்டமும் எதிரே வந்தால் ஒரே வழிதான் உண்டு. கரையை ஒட்டிப் போக வேண்டும். அங்கே தண்ணீர் ஆழமில்லை, இழுப்பும் பாதிதான்.

அவள் அதைச் சொன்னாள். சீம் மேற்கே கையைக் காட்டினான். கடலுக்குள் அரை மைல் தூரத்தில் தண்ணீர் கருநீலமாகத் தெரிந்தது. அங்கே காற்று இருக்கிறது, பார் என்றான்.

“அது மேகத்தோட நிழல்டா.”

“நிழலா? எனக்குக் கண்ணு இருக்கு நேல்.”

“கண்ணு இருக்கு, காதுதான் இல்ல. ஒன்றரைக்கு ஓட்டம் திரும்பும். வெளியில மாட்டினோம்னா மாட்டினதுதான். கரைக்கு விடு.”

“பாலத்துல உக்காந்துகிட்டுக் கணக்குப் போடறது வேற, பந்தயம் வேற” என்றான் சீம், சுக்கானை மேற்கே திருப்பிக்கொண்டே.

அவள் பாய்க்கயிற்றை இழுத்துக் கொடுத்தாள். அதுதான் அவளுக்கே பிடிக்காத விஷயம். தப்பு என்று தெரிந்தும் கை தானாகக் கயிற்றைச் சரியான அளவுக்கு இழுத்துக் கொடுத்துவிடுகிறது. தப்பான திசையில் படகு முடிந்தவரை வேகமாகப் போவதற்கு அவளும் உழைத்தாள்.

அது மேகத்தின் நிழல்தான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மேகம் நகர்ந்துவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. காற்று அடியோடு நின்றது. ஐந்து நிமிடம் கழித்து எக்மண்ட் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள். அது பக்கவாட்டில் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் போயிருந்தது. கலங்கரை விளக்கம் நகராது. படகு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“நங்கூரத்தப் போடு” என்றாள்.

“பந்தயத்துல யாராவது நங்கூரம் போடுவாங்களா?”

“பின்னால போறத யாராவது பந்தயம்னு சொல்லுவாங்களா?”

விதிப்படி ஒவ்வொரு படகிலும் ஒரு குட்டி நங்கூரம் இருக்க வேண்டும். யாரும் அதைப் பையிலிருந்து எடுத்ததே இல்லை. நேல் எடுத்து, முடிச்சை அவிழ்த்துக் கடலில் இறக்கினாள். கயிறு முழுவதும் போன பிறகுதான் அது தரையைத் தொட்டது. படகு ஒரு குலுக்கலோடு நின்றது. தண்ணீர் மட்டும் இரண்டு ஓடங்களையும் உரசிக்கொண்டு தெற்கே ஓடியது. ஒரு ஜெல்லிமீன் வந்து, அவர்களைக் கடந்து, போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்று.

இரண்டேகால் மணி நேரம் அப்படி இருந்தார்கள். வெயில், குளிருக்காகப் போட்டிருந்த ரப்பர் உடைக்குள் புகுந்து உடம்பை வேகவைத்தது. சாப்பிட வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் மசாலா கேக்கும் இருந்தன. சீம் தன் பங்கைச் சாப்பிட்டான். பிறகு, நீ சாப்பிடவில்லையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவளுடைய கேக்கையும் சாப்பிட்டான். இந்தக் காற்றை எவனாலும் கணித்திருக்க முடியாது என்றான். வானிலை அறிக்கையைத் திட்டினான். பாய் தைத்தவனைத் திட்டினான். ஒரு இடத்தில்கூட தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

கரையோரம் பாய்கள் தெரிந்தன. மணலுக்கு இருநூறு மீட்டர் தள்ளி, குழந்தைகள் குளிக்கிற இடத்துக்குச் சற்று வெளியே, படகுகள் ஒவ்வொன்றாக நத்தை மாதிரி வடக்கே ஊர்ந்துகொண்டிருந்தன. நேல் எண்ணினாள். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். ஒட்டுப்போட்ட மஞ்சள் பாயோடு போன படகை அவளுக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு தபால்காரர்களின் படகு அது. இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுமுப்பத்தைந்து வயது. அதில் ஒருவர், யோகெம் என்கிறவர், எழுந்து நின்று இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சீம் பதிலுக்கு ஆட்டினான். நேல் குனிந்து நங்கூரக் கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

சுக்கானை என்னிடம் கொடு என்று அப்போது கேட்டாள். நிற்கிற படகில் சுக்கானை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்றான் அவன். நியாயமான கேள்விதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

நான்கு மணிக்கு மேற்கிலிருந்து கடற்காற்று வந்தது. முதலில் தண்ணீரில் சின்னச் சுருக்கம், பிறகு பாயில் ஒரு படபடப்பு, பிறகு உண்மையான காற்று. நேல் கை எரிய எரிய நங்கூரத்தை இழுத்து ஏற்றினாள். படகு பாய்ந்தது. இருவரும் கம்பியில் ஏறினார்கள். ஆறு மணிக்கு முன்னால் போய்விடலாம் என்று அவளுக்கு மனக்கணக்கு வந்தது. அதைச் சொன்னால் கெட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது சீம் கரைக்குப் போனான். மதியம் போகச் சொன்னபோது போகாதவன், காற்று நன்றாக இருக்கும்போது, அதைச் சரிக்கட்டுகிறவன் மாதிரி மேலும் மேலும் கரையை நெருங்கினான். பெட்டன் என்கிற ஊரைத் தாண்டி வடக்கே போனால், கரையிலிருந்து கடலுக்குள் தடுப்புக் கற்கள் வரிசை வரிசையாக நீண்டிருக்கும். ஒவ்வொரு வரிசையின் நுனியிலும் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். கம்பத்துக்கு வெளியே போக வேண்டும். முதல் கம்பத்தை ஒரு கை தூரத்தில் உரசிப் போனான். இரண்டாவதையும் அப்படியே. கம்பத்துக்கு வெளியேயும் கல் சரிந்து கிடக்கும், தள்ளிப் போ என்று நேல் இரண்டு முறை சொன்னாள்.

“கரைக்குப் போன்னு நீதானே சொன்ன” என்றான்.

“அது மதியம்டா.”

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கீழே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு சுக்கான்களில் கரைப்பக்கத்தது கல்லில் மோதி, மேலே தெறித்து, அதைப் பிடித்திருந்த ஆணி முறிந்து போனது. கம்பியில் நின்றிருந்த சீம் சட்டத்தின்மேல் விழுந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். படகு தானாகத் திரும்பி, அலைகளுக்கு நடுவே ஆடி, கடைசியில் மணலில் போய் ஏறியது. மணி ஐந்து பத்து.

நேல் ஏற்கெனவே தண்ணீரில் குதித்திருந்தாள். உடைந்த சுக்கானைக் கயிற்றால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினால் அது குறுக்கே வராது. மற்ற சுக்கானை மட்டும் வைத்துக்கொண்டு போகலாம். சீம் ஒரு கையால் படகைப் பிடித்துக்கொள்ள, அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிய பெரியவர் ஒருவர், நாயோடு நடந்து வந்தவர், நேராகத் தண்ணீரில் இறங்கி, முகமெல்லாம் சிரிப்பாகப் படகின் முனையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

வெளியாள் கை பட்டால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

“ஐயா, தொடாதீங்க. தயவுசெஞ்சு தொடாதீங்க” என்றாள் நேல்.

உதவிக்குத்தான் வந்தேன் என்றார் அவர். வேண்டாம் என்றாள். அந்தத் தம்பிக்குக் கையில் அடிபட்டிருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்றாள். நானும் கடற்படையில் இருந்தவன்தான் என்று அவர் இன்னும் ஒரு அடி வைத்தார். நேல் அவருக்கும் படகுக்கும் நடுவே வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். நாய் குரைத்தது. பெரியவரின் முகம் சுருங்கிப் போனது. இந்தக் காலத்தில் மனிதர்களுக்கு நல்லதே செய்யக் கூடாது என்று நாயிடம் சொல்லிக்கொண்டே அவர் கரையேறினார். அந்த நாள் முழுவதும் காட்ட வேண்டியவனிடம் அவள் கடுமையைக் காட்டவில்லை. அவள் அதைக் காட்டியது அவரிடம் மட்டும்தான். அதுவும் அவளை உறுத்தியது.

ஐந்து முப்பத்தைந்துக்குப் படகு மறுபடி மிதந்தது. சீமின் மணிக்கட்டு வீங்கி, சுக்கான் பிடியை வளைத்துப் பிடிக்க முடியாத நிலையில் இருந்தது. அவன் தானாகவே முன்னால் போய் உட்கார்ந்தான். நேல் பின்னால் வந்து சுக்கானைப் பிடித்தாள். பாய்க்கயிற்றையும் அவளே ஒரு கையில் சுற்றிக்கொண்டாள்.

ஒற்றைச் சுக்கானில் படகு ஒரு பக்கமாக இழுத்தது. ஒவ்வொரு அலைக்கும் எதிராக வலித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அது அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. கற்களிலிருந்து தள்ளி, இழுப்புக் குறைவான தண்ணீரைப் பார்த்து, அவள் நினைத்த வழியில் போனது. சீம் இரண்டு தடவை திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். காலண்ட்சோக்கின் மணல்மேடுகள் தெரிந்தன. பிறகு கொடிகள். பிறகு கோட்டின் வெளி நுனியில் ஆடுகிற ஆரஞ்சு மிதவை. கையில் கட்டிய கடிகாரத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்த்தால் மட்டும் என்ன.

மிதவையைத் தாண்டினார்கள். நேரத்துக்கு வந்தவர்களுக்கு ஊதுகிற ஊதல் சத்தம் கேட்கவில்லை. கரையில் நடுவர் மேசையிலிருந்த பெண் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மணி ஆறு மூன்று.

நன்றாகத்தான் வந்தீர்கள் என்று அந்தப் பெண் இரக்கத்தோடு சொன்னாள். மூன்று நிமிடம்தானே, எழுதிக்கொள்ளலாமே என்று சீம் சண்டைக்குப் போனான். நேல் போகவில்லை. ஐமாய்டனில் நின்ற இருபத்தைந்து நிமிடத்தை அவளும் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்பலுக்காக நின்ற நேரத்தைக் கழித்துத் தர மாட்டார்கள் என்று விதியில் தெளிவாக எழுதியிருந்தது. அவள் விதிகளைப் படித்திருந்தாள். சீம் படித்ததில்லை.

மாலையில் படகு மன்றத்துக் கூடாரத்தில் நீள மேசைகள் போட்டு, பட்டாணி சூப்பும் பீரும் கொடுத்தார்கள். சீமின் கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். எதிரே தபால்காரர் யோகெம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஐந்து நாற்பதுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள், நாற்பத்தோராவது இடம். உங்களை வெளியே பார்த்தோமே, அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

சீம் கதையை ஆரம்பித்தான். நன்றாகத்தான் சொன்னான். அங்கே அருமையான காற்று இருந்ததாம், கண்ணெதிரே செத்துப்போனதாம். பிறகு தண்ணீருக்கடியில், கம்பத்துக்கு வெளியே, யாருக்கும் தெரியாத ஒரு கல்லாம். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

“காத்து ஏமாத்திடுச்சு, என்ன பண்றது” என்று முடித்தான்.

“காத்து ஏமாத்தல” என்றாள் நேல்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பேசுகிறாள் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

“கரைக்குப் போன்னு சொன்னேன், நீ போகல. கல்லு இருக்குன்னு சொன்னேன், நீ தள்ளல. ரெண்டையும் ரெண்டு ரெண்டு தடவ சொன்னேன். காத்து மேலயும் தப்பில்ல, கல்லு மேலயும் தப்பில்ல சீம்.”

யோகெம் தன் சூப்பைப் பார்த்தார். சீமின் முகம் காதுவரை சிவந்தது. அவன் எழுந்து, வண்டிச் சாவியை இடதுகையால் தடவி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனோடு வண்டியில் போக வேண்டிய நேல், ஈர உடைகள் இருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். சொன்ன பிறகு மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வேறெங்கே சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான் என்றும் தோன்றியது. பேருந்து பதினெட்டு நிமிடம் தாமதமாக வந்தது.

ஜூலை முழுவதும் இருவரும் பேசவில்லை. ஆகஸ்ட் கடைசியில் சீம் தொலைபேசியில் கூப்பிட்டான். செப்டம்பரில் ஒரு சின்னப் பந்தயம், முப்பது கிலோமீட்டர், வருகிறாயா என்றான். அதற்கு முன்னால் அவன் வேறு மூன்று பேரைக் கேட்டுப் பார்த்ததும், மூன்று பேரும் அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொன்னதும் அவளுக்குத் தெரியும். இவ்வளவு சின்ன ஊரில் எதுவும் தெரியாமல் இருக்காது.

“சுக்கான் யாருகிட்ட?” என்று கேட்டாள்.

அவன் அந்த வார வானிலையைப் பற்றி நிறையப் பேசிவிட்டுத்தான் அதற்கு வந்தான்.

“நீயே வச்சுக்க” என்றான். “எனக்கு மணிக்கட்டு இன்னும் சரியாகல.”

மணிக்கட்டு ஆறிப் பல நாள் ஆகிவிட்டது. அவன் கூரைமேல் ஓடு அடுக்குவதை அவள் போன வாரம்தான் சைக்கிளில் போகும்போது பார்த்தாள். அதைச் சொல்லவில்லை.

அந்தப் பந்தயத்தில் நேல் சுக்கான் பிடித்தாள். சீம் கயிறு இழுத்தான். வழி முழுக்க அவன் வாய் ஓயவில்லை. மேலே போ, கீழே விடு, அந்தப் படகைப் பார், அலையைப் பார். அவள் தன் இஷ்டத்துக்குப் போனாள். ஐம்பத்தெட்டுப் படகுகளில் முப்பத்தோராவதாக வந்தார்கள். ஊதல் சத்தம் கேட்டது. பெயரை எழுதிக்கொண்டார்கள்.

படகைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது சீம் சொன்னான். “ரெண்டாவது மிதவையில கொஞ்சம் சீக்கிரம் திருப்பியிருந்தீன்னா இருபத்தஞ்சுக்குள்ள வந்திருப்போம்.”

நேல் யோசித்துப் பார்த்தாள். மிதவை, அலை, அப்போது அடித்த காற்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான்.

“ஆமா” என்றாள். டென் ஹெல்டர் போய்ச் சேரும்வரை அந்த எரிச்சல் அவளைவிட்டுப் போகவில்லை.